இரட்டைவரி நோட்டை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்காதீர்கள்: பள்ளித் தாளாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

கடந்த வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பள்ளி அனுப்பிய சுற்றறிக்கை குறித்து இதை எழுதுகிறேன். வரும் ஜூன் முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்க் கையெழுத்துப் பாடவேளை கிடையாது; இரட்டைவரி நோட்டு வாங்க வேண்டாம்; சொல்வதை எழுதும் தேர்வு நிறுத்தப்படுகிறது; வீட்டுப்பாடம் முழுவதையும் பிள்ளைகள் பள்ளியின் செயலியில் தட்டச்சு செய்து அனுப்ப வேண்டும். சுற்றறிக்கை சொல்வது இவ்வளவுதான். இனி யாரும் கையால் எழுதப் போவதில்லை என்றும், வளர்ந்த நாடுகளே கையெழுத்தைக் கைவிட்டுவிட்டன என்றும் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஐந்து வயதுக் குழந்தை முதல் பத்து வயதுக் குழந்தை வரை எல்லோருடைய கல்வியையும் தொடும் இந்த முடிவை எடுக்கும் முன் பெற்றோர் ஒருவரைக்கூட நீங்கள் கேட்கவில்லை. என்னால் இதை ஏற்க முடியாது.

நான் கணினியை வெறுப்பவள் என்று எண்ணிவிட வேண்டாம். தாலுகா அலுவலகத் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். தட்டச்சுதான் என் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து, யளனகபக என்று விரல் நோகத் தட்டிப் பழகி, தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் தேர்வுகள் இரண்டும் தேறியவள். மனு, பத்திரம், வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று என் விரல் வழியாகப் போகாத எழுத்து இந்த ஊரில் குறைவு. எங்கள் தெருவில் மரத்தடியில் பலகை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்ததையும் பார்த்தேன். வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா எல்லாம் இணையத்துக்குப் போயின. மளிகைச் சீட்டு வாட்ஸ்அப்பில் போகிறது. விசேஷ வீடுகளில் மொய் எழுத மடிக்கணினியும் சிறு அச்சு இயந்திரமும் வந்துவிட்டன. இவற்றில் எதற்காகவும் நான் வருந்தவில்லை. எழுதத் தெரிந்த மனிதர் வேலை சுலபமாக முடிய வேண்டுமென்று தட்டச்சுக்கு மாறினால் அதில் இழப்பு ஒன்றும் பெரிதாக இல்லை. எழுத்தே இன்னும் கைக்கு வராத குழந்தையிடம் அதையே செய்யச் சொல்வது முற்றிலும் வேறு காரியம். இந்த வேறுபாட்டை உங்கள் சுற்றறிக்கை கண்டுகொள்ளவே இல்லை.

விளைவு எப்படி இருக்கும் என்பதை என் கடை மேசையிலேயே பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். பொறியியல் பட்டதாரி, தமிழ் நன்றாகவே பேசுகிறார். ஓர் அலுவலகத்தில் அவருடைய கைப்படவே விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள், தட்டச்சு செய்தது ஆகாது என்றார்கள். நான் தாளும் பேனாவும் கொடுத்தேன். அவர் முதலில் கைப்பேசியை எடுத்தார். ஆங்கில எழுத்துகளைத் தட்டி, திரையில் வந்த தமிழ்ச் சொற்களில் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுத்து, ஒரு வாக்கியம் சேர்ந்ததும் கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் வரைந்தார். 'ஞ' வரும் இடத்தில் திரையைப் பெரிதாக்கி அதன் வளைவு எங்கே தொடங்குகிறது என்று தேடினார். பத்து வரி விண்ணப்பத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. முடித்தபோது முகத்தில் வியர்வை. அவருடைய அறிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளியில் யாரோ செய்யத் தவறியதன் சுமையை அவர் தூக்கிக்கொண்டிருந்தார்.

இன்னொருவர் தாத்தா காலத்து மூலப்பத்திரத்தைக் கொண்டு வந்தார். நிலத்தின் நான்கு மால் (நான்கு எல்லை) விவரத்தைப் புதுப் பத்திரத்தில் சேர்ப்பதற்காக. முத்திரைத்தாளில் மையால் எழுதியது, எழுதியவரின் கை மிக அழகு. மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று பழைய குறிகள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய பத்திரம் என்பதால் 'லை'யும் 'னை'யும் தலைக்கு மேல் சுழித்துக்கொண்டு நிற்கின்றன. குறிகளும் பழைய வடிவங்களும் புரியாதது இயல்புதான். ஆனால் நாம் இன்றும் எழுதுகிற சாதாரண எழுத்துகளையே அவரால் வாசிக்க முடியவில்லை. தன் சொந்த நிலத்தின் கிழக்கெல்லை யாருடைய வயல் என்பது கண் முன்னே எழுதியிருந்தும், படித்துச் சொல்ல என்னை நாட வேண்டியிருந்தது. அச்செழுத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இன்னொருவர் கையெழுத்து அந்நியமாகிவிடுகிறது. நம் வீடுகளில் இருக்கும் பத்திரம், கணக்கு நோட்டு, அம்மாவின் சமையல் குறிப்பு, அப்பா வெளியூரிலிருந்து போட்ட கடிதம் எல்லாம் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குப் பூட்டி வைக்கும் உரிமை பள்ளிக்கு இல்லை.

இனி என் மகளைப் பற்றி. உங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டே அவள் வகுப்பில் செயலி வழி வீட்டுப்பாடத்தை வெள்ளோட்டம் பார்த்தீர்கள். ஒரு நாள் மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'கண்ணன் பள்ளிக்குச் சென்றான்' என்று தட்ட வேண்டும். அவள் விரல் தேடியது ஆங்கில எழுத்துகளை. கே, ஏ, என், என், ஏ, என். திரையில் 'கண்ணன்' வந்துவிட்டது. தொட்டாள். அடுத்த சொல்லுக்கு பி, ஏ, எல், எல், ஐ. 'பல்லி', 'பள்ளி' இரண்டும் வரிசையாக வந்தன. ஒரு கணம் தயங்கி முதலில் இருந்ததைத் தொட்டாள். செயலி சிவப்புக் காட்டியது. உடனே மற்றதைத் தொட்டாள், பச்சை. முழு மதிப்பெண். வாரக் கடைசியில் வந்த முன்னேற்ற அறிக்கையில் 'தமிழ்: மிகச் சிறப்பு' என்று இருந்தது.

அன்று இரவு அதே வாக்கியத்தை வாயால் சொல்லி நோட்டில் எழுதச் சொன்னேன். 'கன்னன் பல்லிக்கு' என்று எழுதினாள். 'ண'வை எழுதச் சொன்னபோது, எத்தனை சுழி அம்மா என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பின் கடைசியில் இருக்கிறாள். முதல் வகுப்பில் இரட்டைவரி நோட்டு இருந்தபோது இதே குழந்தை 'இரண்டு சுழி ன, மூன்று சுழி ண' என்று வாயால் சொல்லிக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதினாள். ஓராண்டில் அது கையை விட்டுப் போயிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பது தட்டச்சுக்காரிக்கு எளிதில் புரியும். கண்ணன் என்ற சொல்லில் 'ண' குடும்பத்து எழுத்து இரண்டு முறையும் 'ன' குடும்பத்து எழுத்து ஒரு முறையும் வருகின்றன. ஆங்கில விசையில் மூன்றுக்கும் ஒரே 'என்'. எந்த இடத்தில் எது என்று முடிவு செய்யும் வேலையை மென்பொருள் செய்துவிடுகிறது. ண, ன, ந; ல, ள, ழ; ர, ற என்ற இந்த எட்டு எழுத்துகளில்தான் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவார்கள். அவற்றைப் பிரித்தறியும் பழக்கம் காதிலும் நாவிலும் கையிலும் சேர்ந்து வளர வேண்டியது. கையை எடுத்துவிட்டு, நாவுக்கும் ஆங்கில எழுத்தைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை மென்பொருளிடம் ஒப்படைத்தால் குழந்தை கற்பது என்ன? தமிழ் வகுப்பில் என் மகள் ஆங்கில எழுத்துக் கூட்டல்தான் பழகிக்கொண்டிருக்கிறாள். இதை உங்கள் தமிழாசிரியைகளிடம் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மனம் திறந்து பேசும்படி கேளுங்கள்.

உயிர்மெய் எழுத்துகளையும் எண்ணிப் பாருங்கள். தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். 'கொ' எழுதும் குழந்தை முதலில் ஒற்றைக்கொம்பு போடுகிறது, பிறகு 'க', பிறகு துணைக்கால். கொம்பு ஒற்றையா இரட்டையா என்று ஒவ்வொரு முறையும் கை நின்று யோசிக்கிறது. குறில், நெடில் வேறுபாடு விரலில் ஏறுவது அப்போதுதான். நான் பழகிய தட்டச்சுப் பொறியிலும் இதே வரிசைதான் இருந்தது: கொம்பைத் தட்டி, 'க'வைத் தட்டி, காலைத் தட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிந்த ஆர். முத்தையா 1930களில் அந்த விசைப்பலகையை வகுத்தபோது கையெழுத்தின் நடையை ஒட்டியே வகுத்தார். அப்படியிருந்தும் எழுதப் படிக்கத் தெரியாத யாரையும் எங்கள் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துக்கொண்டதில்லை. முதலில் எழுத்து, பிறகு இயந்திரம் என்பதில் எங்கள் மாஸ்டருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

வளர்ந்த நாடுகள் கைவிட்டுவிட்டன என்கிறீர்கள். பின்லாந்தைத்தான் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அடிக்கடி சொல்லப்படும் பெயர் அது. 2016இல் பின்லாந்து விலக்கியது கூட்டெழுத்தை, அதாவது ஆங்கிலத்தில் போல எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்த்து எழுதும் முறையை, கட்டாயமாகக் கற்பிப்பதை. அங்கே குழந்தைகள் தனித்தனி எழுத்துகளைக் கையால் எழுதக் கற்பது நிற்கவில்லை. அமெரிக்காவில் 2010இல் வந்த 'காமன் கோர்' என்ற பொதுப் பாடத்தரமும் கூட்டெழுத்தைத்தான் விட்டது. தமிழில் கூட்டெழுத்து, தனியெழுத்து என்று பள்ளியில் இரு முறை கற்பிப்பதே இல்லையே! நாம் எழுதுவது ஒரே முறை. அதை நிறுத்தினால் எழுத்தே நின்றது என்று பொருள். அங்கே நடந்ததை இங்கே உதாரணம் காட்டவே முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியா மாகாணம் 2023 அக்டோபரில் சட்டம் போட்டு, ஒன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை கூட்டெழுத்தை மீண்டும் பாடத்தில் சேர்த்தது. அதே ஆண்டு ஸ்வீடன் அரசு, திரைகளை அளவு மீறிப் புகுத்திவிட்டோம் என்று கருதி, அச்சுப் புத்தகத்துக்கும் கையால் எழுதுவதற்கும் முக்கியத்துவம் கொடுக்கும் பாதைக்குத் திரும்பியது. பாடப்புத்தகம் வாங்கப் பள்ளிகளுக்குத் தனியே பணமும் ஒதுக்கியது. முன்னால் போனவர்கள் திரும்பி வரும் நேரத்தில் நாம் ஏன் அந்தப் பாதையில் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும்?

ஆராய்ச்சி வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு, இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றியது. சில எழுத்துகளைக் குழந்தைகள் கையால் எழுதினார்கள், சிலவற்றைத் தட்டினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, வாசிப்புக்குத் தேவையான பகுதிகள் தாங்களாகவே எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் விழித்துக்கொண்டன. உங்கள் செயலியில் விரலால் எழுத்தின் மேல் கோடு இழுக்கும் பகுதி இருப்பதை அறிவேன். அது எழுதுவதற்கு ஈடாகாது என்பதற்கு இந்த ஆய்வே சான்று. குழந்தை கோணலும் மாணலுமாக, பெரிதும் சிறிதுமாக, தானே எழுத வேண்டும். ஒரு 'அ' பத்து விதமாக வரும்போதுதான் எது 'அ' என்பது அதற்குப் பிடிபடுகிறது. நார்வேயின் ட்ரோன்ட்ஹெய்ம் நகரப் பல்கலைக்கழகத்தில் 36 மாணவர்களின் தலையில் உணரிகளைப் பொருத்திச் செய்த ஆய்வு 2024 ஜனவரியில் வெளிவந்தது. கையால் எழுதும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படும் அளவுக்குத் தட்டும்போது செயல்படவில்லை என்று கண்டார்கள். அந்த மாணவர்கள் எழுதியது தாளில்கூட இல்லை, தொடுதிரையில் மின்னணுப் பேனாவால். ஆகவே என் வழக்கு திரைக்கு எதிரானது என்று நீங்கள் ஒதுக்கிவிட முடியாது. கை அசைந்து எழுத்தை உருவாக்க வேண்டும் என்பதே நான் கேட்பது.

பொதுத்தேர்வைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளுக்கு 100 மதிப்பெண், மூன்று மணி நேரம், அனைத்தும் கையால். குடிமைப்பணி முதன்மைத் தேர்வும் கையால் எழுதுவதுதான். ஆறாம் வகுப்பில் திடீரென்று பேனாவைக் கொடுத்து, நான்கே ஆண்டுகளில் மூன்று மணி நேரம் நிற்காமல் எழுது என்றால் அந்த விரல்கள் என்ன செய்யும்?

கையால் எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் இயலாது என்பதையும் மறக்கவில்லை. எழுத்துக் குறைபாடு உள்ள பிள்ளைகள், மூளை முடக்குவாதத்தால் விரல் வசப்படாத பிள்ளைகள் நம் பள்ளியிலும் இருக்கிறார்கள். என் கடைக்கு வரும் ஒரு கல்லூரி மாணவிக்குக் கைவிரல்கள் ஒத்துழைக்காது. தட்டச்சு வந்த பிறகுதான் அவள் எண்ணியதை எண்ணியபடி எழுத முடிந்தது. அத்தகையோருக்குக் கணினி மறுக்கப்படக் கூடாது. கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று ஸ்கேலால் விரலில் அடித்த காலமும் திரும்ப வேண்டாம். அழகாக எழுதும் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதோ, சேறு பூசியது போல் எழுதும் பிள்ளையை நிற்க வைப்பதோ என் கோரிக்கை இல்லை. எல்லோருக்கும் எழுதத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நேரம் மிச்சமாகும் என்று தலைமையாசிரியை ஒலிப்பதிவில் சொல்லியிருந்தார். ஆசிரியைகளுக்கு நோட்டுத் திருத்தும் சுமை பெரிது என்பது உண்மை. நாற்பது நோட்டைத் திருத்தி, ஒவ்வொன்றிலும் பிழையான சொல்லை ஐந்து முறை எழுதச் சொல்லிக் குறிப்புப் போட நேரம் பிடிக்கும். அதற்கு வழி வகுப்புக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியையை நியமிப்பது. கைக்கணினிக்கும் செயலிக்கும் பெற்றோரிடம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதுமானதாக இருக்கும். சிவப்பு மையில் ஆசிரியை எழுதிய ஒரு வரியைப் பார்த்து என் மகள் முதல் வகுப்பில் எவ்வளவு திருந்தினாள் என்பதைக் கண்ணால் கண்டேன். செயலியின் பச்சை நிறம் அவளை எதிலும் திருத்தியதாகத் தெரியவில்லை.

ஆகவே நிர்வாகத்திடம் நான் கேட்பது இவை. முதலாவதாக, சுற்றறிக்கையை ஜூனில் நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி வையுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு கையெழுத்துப் பாடவேளையும், ஐந்தாம் வகுப்பு வரை வாரந்தோறும் சொல்வதை எழுதும் பயிற்சியும் இருக்கட்டும். இரட்டைவரி நோட்டும் கட்டுரை நோட்டும் பட்டியலில் மீண்டும் சேரட்டும். செயலியில் வாங்கும் மதிப்பெண்ணைத் தமிழ் எழுத்துத் திறனுக்கான மதிப்பெண்ணாக முன்னேற்ற அறிக்கையில் காட்டக் கூடாது. வாங்கிவிட்ட கைக்கணினிகளை வீணாக்க வேண்டியதில்லை. அவற்றுக்கு எழுதுகோல் வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் திரையிலும் கையால் எழுதும்படி செயலியை மாற்றச் சொல்லுங்கள்.

தட்டச்சைத் தாராளமாகக் கற்றுக்கொடுங்கள், ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து, தமிழ் விசைப்பலகையில். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அதில் ண, ன, ந மூன்றுக்கும் தனித்தனி விசை. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'க'வையும் 'ஒ'வையும் தட்டினால் 'கொ' வரும், தமிழ் இலக்கணம் சொல்வதைப் போலவே. எழுதிப் பழகிய பிள்ளை ஒரு பருவத்துக்குள் அதில் தேறிவிடும். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழைப் பெறும் முறையைத் தமிழ்ப் பாடத்திலிருந்து முழுவதும் விலக்குங்கள். தமிழ்99 கற்பிக்க ஆள் இல்லை என்றால் சனிக்கிழமை காலைகளில் நானே வந்து கற்றுக்கொடுக்கிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

கையால் எழுத இயலாத பிள்ளைகளுக்கு விலக்கும் கணினி வசதியும் தனி விதியாக எழுதப்பட வேண்டும். அதைப் பெற்றோர் ஒவ்வொரு முறையும் வந்து கெஞ்சிக் கேட்கும் நிலை கூடாது. இந்த ஆண்டு வெள்ளோட்டத்தில் எழுத்தை இழந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் தாளில் ஒரு முறை சொல்வதை எழுதும் தேர்வு வையுங்கள். விடைத்தாள்களைப் பெற்றோருக்குக் காட்டுங்கள். தேவைப்படும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே தனிப்பயிற்சி தொடங்க வேண்டும்.

ஆண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடுவதற்குள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தைக் கூட்டி, தமிழாசிரியைகள் முன்னிலையில் இந்த முடிவைப் பேச்சுக்கு வையுங்கள். மேலே கேட்டவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே பெற்றோர் அனைவருக்கும் எழுத்துமூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்